மார்னொக் ஆலயமும் புரவலர் உரிமையும்

ஸ்கொத்லாந்தின் வடகிழக்கே, டெவரன் ஆற்றை நோக்கிய மேட்டில் மார்னொக் பங்கு ஆலயம் நிற்கின்றது. 1792இல் எழுந்த கட்டிடம் அது; அருகே வரலாற்றுக்கு முற்பட்ட நெடுங்கற்கள் உள. கட்டிடக் கலை நோக்கிற் பெருஞ்சிறப்புடையதன்று. எனினும், 1841ஆம் ஆண்டின் பனிநாள் ஒன்று அதனை அந்நாட்டு வரலாற்றில் நிலைபெறச் செய்தது.

அந்நாளை விளங்கிக்கொள்ளப் புரவலர் உரிமை என்னும் வழக்கத்தை அறிதல் வேண்டும். பங்கிற்குப் போதகரை நியமிக்கும் உரிமை பெரும்பாலும் நிலப்பிரபுவிடமோ முடியிடமோ இருந்தது. நிலத்தைப்போல அதுவும் சொத்தாகவே கருதப்பட்டது. 1690இல் நீக்கப்பட்ட இவ்வுரிமையை, இங்கிலாந்துடனான இணைப்பின் பின்னர், 1712இல் பாராளுமன்றம் மீட்டளித்தது. நூறாண்டுக்கு மேல் நீடித்த மனக்கசப்பின் பயனாக, திருச்சபையின் பொதுப்பேரவை 1834இல் ஒரு விதியை இயற்றிற்று: சபையிலுள்ள குடும்பத் தலைவருட் பெரும்பான்மையோர் மறுப்பின், புரவலர் முன்மொழிந்தவரை ஏற்றலாகாது.

1837இல் மார்னொக்கின் புரவலரான பைஃப் பிரபுவின் பொறுப்பாளர்கள் ஜோன் எட்வேர்ட்ஸ் என்பாரை முன்மொழிந்தனர். அவர் அங்கு ஏலவே உதவிப் போதகராயிருந்தவர். மக்கள் அவரை அறிந்தே மறுத்தனர். பட்டியலிலிருந்த 300 குடும்பத் தலைவர்களுள் 261 பேர் எதிர்த்தனர். அழைப்புப் பத்திரத்தில் ஒப்பமிட்ட பங்கினர் ஒருவரே: பீற்றர் டெயிலர் என்னும் விடுதிக்காரர். குருமன்றத்தார் உணவருந்தும் விடுதி அவருடையது என்பதை எதிர்ப்பாளர் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

எட்வேர்ட்ஸ் நீதிமன்றை நாடினார். தீர்ப்பு அவருக்குச் சார்பாயிற்று. ஸ்திராத்போகிக் குருமன்றத்தின் பெரும்பான்மையோரான எழுவர், திருச்சபையின் தடையை மீறி நீதிமன்றின் ஆணைக்குப் பணிந்தனர். அவர்களைக் கோழைகள் எனல் எளிது. ஆயின், திருச்சபை ஒன்றையும் சட்டம் மற்றொன்றையும் கட்டளையிட்டபோது, எதனை மீறினும் தண்டனை உண்டென்பதை நாம் மறத்தலாகாது.

1841 சனவரி 21ஆம் நாள், கடும் பனியையும் பொருட்படுத்தாது ஏறத்தாழ 2,000 பேர் திரண்டனர். பங்கினரின் எதிர்ப்பு வாசிக்கப்பட்டது. பின்னர் அவர்கள் தத்தம் வேதாகமங்களை எடுத்துக்கொண்டு, தம் மூதாதையர் தொழுத ஆலயத்தைவிட்டு அமைதியாக வெளியேறினர். முதியோர் சிலர் கண்ணீர் விட்டனர். எஞ்சியோர் பெரும்பாலும் வெளியூரார்; அவர்கள் எழுப்பிய ஆரவாரத்தை அடக்க நீதவான் வரவேண்டியதாயிற்று. தமது நியமனத்தை விரும்பாதோர் விட்டுச்சென்ற இருக்கைகளின் முன்னிலையிலே எட்வேர்ட்ஸ் போதகரானார்.

அவ்வாண்டு மே மாதத்திற் பொதுப்பேரவை அவ்வெழுவரையும் பதவி நீக்கிற்று. வெளியேறிய மக்கள், பல பகுதிகளிலிருந்தும் வந்த நன்கொடைகளின் துணையுடன், அபர்கிர்டர் ஊரிற் புதிய ஆலயமொன்றை எழுப்பினர். மார்னொக்கில் ஒரு பங்கு செய்ததை 1843 மே 18இல் எடின்பரோவில் திருச்சபையின் கணிசமான பகுதி ஒன்று செய்தது. ஏறத்தாழ 1,200 போதகருள் 450க்கு மேற்பட்டோர், வீட்டையும் வருவாயையும் துறந்து, சுதந்திரத் திருச்சபையை நிறுவினர். இந்தியாவிலிருந்த ஸ்கொத்லாந்து மிஷனரிமாரும் அவர்கள் பக்கமே நின்றனர். அவருள் ஜோன் அன்டர்சன் சென்னையில் நடத்திய பாடசாலையே பிற்காலத்திற் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது.

புரவலர் உரிமையைப் பாராளுமன்றம் 1874இல் ஒழித்தது. மார்னொக் மக்கள் பனியில் நடந்து அப்போது முப்பத்துமூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன.