பாஞ்சாலங்குறிச்சியில் அகப்பட்ட ஒல்லாந்து உடன்படிக்கை

நெல்லைச் சீமையின் பாளையக்காரர் போர்களைப் பற்றி நம்மவர் நிறையவே பேசியிருக்கிறார்கள். ஆனால் 1783ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குள் அகப்பட்ட ஒரு காகிதத்தைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. அக்காகிதத்தையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் ஒரு மயக்கத்தைத் தீர்த்துவிடுவோம். கட்டபொம்மன் என்றதும் நம் மாணவர்கள் 1959இல் வெளிவந்த திரைப்படத்தையே நினைக்கின்றனர். தூக்கிலேற்றப்பட்ட வீரபாண்டிய கட்டபொம்மன் பட்டத்துக்கு வந்தது 1790இல். நாம் கூறுவதோ அவருக்கு முன் பாளையத்தை ஆண்டவரின் காலம். கட்டபொம்மன் என்பது அக்குடிக்கே உரிய பட்டப்பெயர்.

அன்று நெல்லைச் சீமை ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலியின் ஆட்சிக்கு உட்பட்டது. ஆயினும் நவாபின் பெயரால் வரி கேட்டு வந்த படை கும்பினியாருடையது. 1755இல் நவாபின் தமையனார் மஹ்பூஸ்கானுடன் கர்னல் ஹெரான் இச்சீமைக்கு வந்த நாள் தொட்டே இந்த முறைதான். கொடி நவாபுக்கு, பீரங்கி கும்பினிக்கு! நவாப் நம்மவர் என்பதற்காக இதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது.

மறுபுறம், தூத்துக்குடியில் ஒல்லாந்தர் இருந்தனர். போர்த்துக்கீசரிடமிருந்து 1658இல் அத்துறையைப் பறித்த அவர்கள் துணி வாணிகத்தையும் முத்துக்குளிப்பையும் நாடி நின்றவர்கள். அவர்களுக்கு மேலிடம் கொழும்பு. 1760இல் அவர்களுடைய படையொன்று தாமிரபரணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரி வரை வந்து, யூசுப்கானின் சிப்பாய்கள் நெருங்கியதும் திரும்பிற்று. அது பகிரங்கமாக வந்த படை.

1780இல் ஹைதர் அலி கர்நாடகத்தின்மீது படையெடுத்தார். அவ்வாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேயருக்கும் ஒல்லாந்தருக்கும் ஐரோப்பாவில் போர் மூண்டது. மறு ஆண்டு நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. இக்குழப்பத்தில் தெற்கத்திப் பாளையக்காரர் பலர் வரி கொடாது எழுந்தனர். அவர்களை அடக்க வந்த கர்னல் வில்லியம் ஃபுல்லர்டன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். காவலர் இரவோடு இரவாகக் கோட்டையை விட்டகன்றனர். உள்ளே துப்பாக்கிகளும் வெடிமருந்தும் பணமும் இருந்தன. அவற்றோடு, கொழும்பு ஒல்லாந்து அரசாங்கத்துக்கும் கட்டபொம்ம நாயக்கருக்கும் இடையிலான உடன்படிக்கையின் மூலப்பிரதியும் அகப்பட்டது.

கப்பலையும் சிப்பாயையும் காட்டாது, உள்நாட்டுப் பாளையத்தின் பின்னே நின்ற கை அந்த எழுத்தினால் வெளிப்பட்டது. ஃபுல்லர்டன் அதை ஆளுநர் மெக்கார்ட்னி பிரபுவுக்குத் தெரிவித்தார். 1787இல் இலண்டனில் அச்சான தம் நூலிலும் வெளியிட்டார். பிஷப் கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றில் அதை எடுத்தாண்டார். இரண்டும் எவரும் எடுத்துப் படிக்கக்கூடிய நூல்கள்.

ஆயின் அறிவிப்பாளர் யார்? ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இக்கேள்வி எழாமலிராது. ஃபுல்லர்டன் ஒரு கட்சிக்காரர். தாம் தாக்கிய கோட்டைக்குள் தம் அரசின் பகைவரது கையெழுத்து இருந்தது என்பது அவருக்கு மிகவும் வசதியான செய்தி. எனினும் நாம் அதை ஏற்கின்றோம். மூலக்காகிதத்தைக் கொண்டுவா என்று கேட்கக்கூடிய மேலதிகாரிக்கு எழுதிய செய்தி அது. பொய்யாயின் எளிதில் அகப்பட்டிருக்கும். ஆனால் உடன்படிக்கை இருந்தது என்பது வேறு, பாளையக்காரர் ஒல்லாந்தரின் ஏவலால்தான் எழுந்தார் என்பது வேறு. இரண்டாவதற்கு அக்காகிதம் சான்றாகாது. வரிக்கொடுமையே எழுச்சிக்குப் போதிய காரணமாயிருந்தது.

மறைவான படையுதவியை யாவர்க்கும் எட்டும் சான்றுகளால் வெளிப்படுத்துவது இக்காலத்தில் ஒரு கலையாகவே வளர்ந்துள்ளது. 2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் சென்ற மலேசிய விமானம் கிழக்கு உக்ரைனில் சுட்டு வீழ்த்தப்பட்டது. மாண்டவர் 298 பேர். அவர்களில் 196 பேர் ஒல்லாந்து நாட்டவர். தனக்குத் தொடர்பில்லை என்றது ரஷ்யா. பெல்லிங்கேட் என்னும் ஆராய்ச்சிக் குழுவினர், வழிப்போக்கர் எடுத்து இணையத்தில் வெளியிட்ட படங்களைத் திரட்டினர். கட்டிடங்களைக் கொண்டு இடத்தையும், நிழலைக் கொண்டு நேரத்தையும் கணித்தனர். ஏவுகணை வண்டியின் பக்கத் தகட்டிலிருந்த சிதைவு, சில வாரங்களுக்கு முன் ரஷ்யாவில் சென்ற படையணியின் வண்டியொன்றோடு ஒத்தது. 2018 மே மாதத்தில், ஒல்லாந்தின் தலைமையில் இயங்கிய கூட்டு விசாரணைக் குழுவும் அவ்வண்டி ரஷ்யாவின் 53ஆம் வான்காப்புப் படைப்பிரிவுக்கு உரியது என்றது. 2022 நவம்பரில் ஒல்லாந்து நீதிமன்றம் மூவரை அவர்கள் வாராமலே குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அன்று அகப்பட்டவர், இன்று பிறரை அகப்படுத்தினர்!

படத்தோடு படத்தை ஒப்பிட அவர்களுக்கு வாய்த்தது. நமக்கு வாய்த்திருப்பதோ ஒரு பக்கத்தாரின் வாக்கு மட்டுமே. உடன்படிக்கையில் ஒப்பமிட்ட மறுதரப்பார் கொழும்பில் இருந்தவர்கள். அங்கு அவர்கள் எழுதிக் குவித்த ஏடுகள் இலங்கைத் தேசியச் சுவடிக்கூடத்தில் இன்றும் உள்ளன. காயலிலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் கொழும்புக்குப் போய் வருவோர் நம்மில் உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரேனும் பழைய ஒல்லாந்து மொழியைக் கற்று, 1783ஐ ஒட்டிய அக்கட்டுகளைப் புரட்டிப் பார்க்கலாகாதா?