அதிரசம்: பேராக் தமிழர் வீட்டுச் செய்முறை

அதிரசம் பச்சரிசி மாவை வெல்லப் பாகில் கிளறி, ஊறவிட்டு, எண்ணெயில் சுட்டெடுக்கும் இனிப்புப் பலகாரம். மலேசியாவின் பேராக் மாநிலத் தமிழர் வீடுகளில் தீபாவளிக்காகச் செய்யப்படுபவற்றுள் கைப்பக்குவம் மிகுதியாக வேண்டுவது இதுவே. பதம் தவறிய முறுக்கைக்கூடத் தின்றுவிடலாம். பதம் தவறிய அதிரசம் சட்டியிலேயே பிரிந்து கரைந்துவிடும்.

இப்பலகாரம் பழமையானது. திருமலைக் கோயிலின் விஜயநகரக் காலக் கல்வெட்டுகளில் அதிரசப் படையல் குறிக்கப்படுகிறது. தெலுங்கர் அரிசெலு என்றும் கன்னடர் கஜ்ஜாய என்றும் மராட்டியர் அனார்சா என்றும் இதன் உறவுப் பலகாரங்களைச் செய்கின்றனர். மலாய்க்காரரின் பெனெராமும் அரிசி மாவும் வெல்லமும் சேர்ந்ததுதான். நடுவில் துளையிட்டுச் சுடப்படும்.

பேராக்கின் வடமேற்கிலுள்ள கிரியான் மாவட்டக் கரும்புத் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தமிழ்த் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். அடுத்த நூற்றாண்டில் சுங்கை சிப்புட், கோலகங்சார், தாப்பா வட்டாரங்களின் ரப்பர் தோட்டங்களில் அவர்கள் பெருகினர். பால்வெட்டு விடியலில் தொடங்குவதால் மாவு இடிக்கும் வேலை பிற்பகலுக்கு வந்தது. லயம் எனப்படும் தொழிலாளர் குடியிருப்பின் உரலில் இரு பெண்கள் மாறிமாறி உலக்கை போட, மற்றொருவர் சலித்துக் கப்பியைத் திரும்ப உரலில் இடுவார். அடுப்புக்குக் கித்தா (ரப்பர் மர) விறகு.

செய்முறையில் முதற்கண் கவனிக்க வேண்டியது அரிசியின் ஈரம். பச்சரிசியை 2 முதல் 4 மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, வேட்டியில் பரப்பி நிழலில் உலர்த்துவர். கையில் அள்ளினால் ஒட்டாமலும் பிடித்தால் குளிர்ச்சியாகவும் இருக்கும்போதே இடித்துவிட வேண்டும். தீபாவளி வரும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பேராக்கில் பிற்பகல் மழை வழக்கம்; அதனால் எத்தனை நேரம் உலர்த்துவது என்பதைக் கடிகாரத்தைக் காட்டிலும் விரலே சரியாகச் சொல்லும். கடையில் பொட்டலமாக விற்கும் அரிசி மாவு முற்றிலும் காய்ந்தது. பாகை உறிஞ்சி இறுகிவிடும் என்பதால் அதிரசத்துக்கு ஒவ்வாது.

1 கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் பொதுவான அளவு. வெல்லத்தைக் கொஞ்ச நீரில் கரைத்து, மண் போக வடிகட்டிக் காய்ச்சுவர். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் மென்மையான உருண்டையாகத் திரள வேண்டும். அப்போது பாகின் சூடு ஏறத்தாழ 115 பாகை செல்சியஸ் இருக்கும். அதற்குமுன் இறக்கினால் அதிரசம் எண்ணெயில் உடையும், முற்றவிட்டால் கல்லாகும். இறக்கிய பாகில் ஏலக்காயும் சுக்கும் எள்ளும் தூவி, மாவைச் சிறிது சிறிதாகக் கொட்டிக் கிளற வேண்டும். சூட்டில் மாவு தளர்வாகத்தான் தெரியும். ஆறும்போது தானே கெட்டிப்படும் என்பதை அறியாமல் கூடுதல் மாவு சேர்ப்பது புதிதாகச் செய்பவர்களின் வழக்கமான பிழை. மேலே நெய் தடவி மூடி, ஓரிரு நாள் ஊறவிட்டால் ஈரம் மாவெங்கும் சமமாகப் பரவும், சுவையும் கூடும்.

ஊறிய மாவை எலுமிச்சை அளவு உருட்டி, நெய் தடவிய வாழையிலையில் தட்டிக் குவாலியில் (இருப்புச்சட்டியில்) மிதமான சூட்டில் சுடுவர். வெல்லம் விரைவில் கருகுமாதலால் தீ அதிகமானால் வெளிப்புறம் கறுத்து உள்ளே வேகாமல் நிற்கும். பொன்னிறம் கடந்து சிவந்ததும் எடுத்து, இரண்டு கரண்டிகளுக்கு இடையில் அழுத்தி எண்ணெயைப் பிழிந்துவிடுவது கட்டாயம். இல்லையெனில் விரைவில் சிக்கு வாடை ஏறும்.

1950களின் பிற்பகுதியில் பல தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. பின்னர் ரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் செம்பனை நடப்பட்டது. தோட்டத்தை விட்டுப் பல குடும்பங்கள் ஈப்போ போன்ற நகரங்களுக்குப் பெயர்ந்தன. நகரத்து வீடுகளில் ஈர அரிசியை மில்லில் கொடுத்து அரைக்கிறார்கள் அல்லது மிக்சியில் பொடிக்கிறார்கள். விறகின் இடத்தில் எரிவாயு அடுப்பு, பொரிக்கச் செம்பனை எண்ணெய். வாழையிலைக்குப் பதில் பிளாஸ்டிக் தாளும் வந்துவிட்டது. பாகுப் பதத்தைப் பார்க்க மட்டும் இன்றும் அடுப்பருகில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைக்கப்படுகிறது.

பண்டிகைக்கு முந்தைய நாள் முன்னோர் படையலில் வைத்த பிறகே பலகாரங்களை உண்பது பல குடும்பங்களின் வழக்கம். நன்றாக ஆறவிட்டு ஈரமில்லாத டின்னில் அடுக்கினால் அதிரசம் இரண்டு வாரம் வரை கெடாது.