தலையைக் காக்கவா, முகத்தைக் காட்டவா?

மோட்டார் சைக்கிள் ஓட்டுறவங்க உரிமை கேட்டுப் போராடின கதை உலகத்தில் நிறைய இருக்கிறது. பெரும்பாலும் ஒரே கோரிக்கைதான்: “எங்க தலை, ஹெல்மட் போடுறதும் போடாததும் எங்க விருப்பம்.” பிரிட்டனில் 1973 ஜூன் மாதம் ஹெல்மட் கட்டாயமானது. தலைப்பாகை கட்டும் சீக்கியர்கள் எதிர்த்துப் போராடி, 1976இல் தனிச்சட்டம் மூலம் விலக்குப் பெற்றார்கள். அமெரிக்காவில் மசசூசெட்ஸ் மாநிலத்து ஓட்டுநர் ஒருவர் நீதிமன்றம் போனார். 1972இல் அவருடைய வழக்குத் தோற்றது. நீ விழுந்தால் வீதியிலிருந்து தூக்குவது, ஆஸ்பத்திரியில் பார்ப்பது, வேலை செய்ய முடியாமல் போனால் தாங்குவது எல்லாம் சமூகம்தானே என்று நீதிமன்றம் கேட்டது.

நம்ம நாட்டில் கதை தலைகீழ். இங்கே ஆட்கள் நீதிமன்றம் போனது ஹெல்மட்டைக் கழற்ற இல்லை, முழுசாகப் போட்டுக்கொள்ள.

2015 மார்ச்சில், முகம் முழுவதையும் மூடும் தலைக்கவசங்களைத் தடை செய்யப்போவதாகப் பொலிஸ் அறிவித்தது. கொள்ளைக்காரர்கள் அதைப் போட்டுக்கொண்டு முகத்தை மறைக்கிறார்கள் என்பதுதான் காரணம். எதிர்ப்பு கிளம்பியது, தடைத் திகதி தள்ளிப்போனது, விஷயம் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. ஏப்ரலில் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டு அந்தத் தடையை நிறுத்தி வைத்தது.

இதைக் கொழும்புக்காரர்களின் பிரச்சினை என்று மலையகத்தில் இருக்கும் நாம் ஒதுக்கிவிட முடியாது. கினிகத்தேனையில் தொடங்கி ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியா வரைக்கும் ஏறிப் பாருங்கள். ஏறி முடிக்கும்போது கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே நிற்போம். பனிமூட்டமும் சாய்ந்து அடிக்கும் மழையும் வழித்துணை. அரை ஹெல்மட்டோடு வந்தால் மழைத்துளி ஊசி மாதிரி முகத்தில் குத்தும், கண்ணைத் திறக்க முடியாது. விழுந்தால் தாடைக்கும் பாதுகாப்பில்லை. டவுன் கடைக்கு வேலைக்குப் போகிற தோட்டத்துப் பையனுக்கு முழு ஹெல்மட் ஸ்டைல் இல்லை, தேவை.

ஆக, ஒரே தலையிடம் அரசு இரண்டு விஷயம் கேட்கிறது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் ஹெல்மட் போட வேண்டும்: தலையைக் காப்பாற்று. பொலிஸ் கேட்டது இன்னொன்று: முகத்தைக் காட்டு. இரண்டும் மோதும்போது யார் முடிவெடுப்பது? பாராளுமன்றம் இயற்றும் சட்டம் வேறு, அமைச்சர் வர்த்தமானியில் வெளியிடும் ஒழுங்குவிதி வேறு, பொலிஸ் விடுக்கும் அறிவித்தல் வேறு. ஓர் அதிகாரி தன் அதிகாரத்தைத் தாண்டினாரா என்று பார்க்கச் சொல்லி, அரசியலமைப்பின் 140ஆவது உறுப்புரையின்கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றத்திடம் கேட்கலாம்.

இந்த வழி நம்ம ஆட்களுக்குச் சும்மா கிடைத்ததல்ல. மோட்டார் வாகனச் சட்டம் வருவதற்கு மூன்று வருடம் முன்னால், 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கிவிட்டது. 1978 அரசியலமைப்பு நாட்டுக்குள் சுதந்திரமாக நடமாடும் உரிமையைப் பிரஜைகளுக்குக் கொடுத்தது. வேறெந்த நாட்டின் பிரஜையாகவும் இல்லாமல் இங்கே சட்டப்படி நிரந்தரமாக வாழ்ந்தவர்களுக்கோ, 14(2)ஆம் உறுப்புரையில் அதே உரிமையைப் பத்து வருடத்துக்கு மட்டும் கொடுத்தது. யோசிச்சுப் பாருங்க, தாத்தா பாட்டி காலத்தில் வீதியில் போகிற உரிமைக்கே காலாவதித் திகதி இருந்திருக்கிறது! 1988இலும் 2003இலும் வந்த சட்டங்கள்தான் பிரஜாவுரிமைச் சிக்கலைத் தீர்த்தன. அடையாள அட்டை இல்லாமல் வளர்ந்த தலைமுறைக்கு லைசன்ஸ் எடுப்பது எவ்வளவு தூரத்து விஷயமாக இருந்திருக்கும்! யுத்த காலத்துச் சோதனைச் சாவடிகளில் தமிழ் முகமே விசாரணைக்குப் போதுமான காரணமாக இருந்தது. “முகத்தைக் காட்டு” என்ற உத்தரவு எல்லார் காதிலும் ஒரே மாதிரி விழாததற்கு இதுதான் காரணம்.

அந்த உத்தரவு 2015ஓடு முடியவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, ஏப்ரல் 29ஆம் திகதி, அவசரகால ஒழுங்குவிதி ஒன்று பொது இடத்தில் முகத்தை முழுசாக மூடுவதைத் தடை செய்தது. அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் முஸ்லிம் பெண்கள். அடுத்த வருடம் கொரோனா வந்தது, 2020 ஒக்டோபரில் முகக்கவசம் சட்டப்படி கட்டாயமானது. ஒன்றரை வருடத்துக்குள் அதே முகம் குற்றத்திலிருந்து கடமைக்கு மாறிவிட்டது.

ஹெல்மட் போடாமல் ஓடுவதற்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. வாரை இறுக்கிப் பூட்டுங்கள், பின்னால் இருப்பவருக்கும் ஒன்று கொண்டுபோங்கள். பொலிஸ் நிறுத்தினால் நிறுத்துங்கள், அடையாளம் பார்க்கக் கேட்டால் ஹெல்மட்டைக் கழற்றிக் காட்டுங்கள். ஆனால் குற்றம் என்று சொன்னால் எந்தச் சட்டத்தின்கீழ் என்று மரியாதையாகக் கேளுங்கள். அரசோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் உரிமை தருகிறது. வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதின தண்டப் பத்திரத்தில், என்ன எழுதியிருக்கு என்று தெரியாமல் கையெழுத்துப் போட வேண்டாம். பத்து வருடத் தவணையில் கிடைத்த உரிமை இன்றைக்குத் தவணை இல்லாமல் நம்ம கையில் இருக்கிறது, பாவித்தால்தான் அது உரிமை.