வட துருவ வாசல் திறந்த வரலாறு

ராணிப்பேட்டையில் தோல் பதனிடுவோரின் முதல் வேலைகளுள் ஒன்று, தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து உரோமத்தைக் களைவது. வடகோடி மக்களோ உரோமத்தோடுதான் தோலை அணிந்தனர். துருவ மானின் உரோமத்துக்குள் காற்று அடைபட்டிருக்கிறது. அது உடல் வெப்பத்தை வெளியே விடாது. அத்தகைய ஆடையின்றி அப்பக்கம் போகவே முடியாதென்ற நிலை இருந்தது. இன்று சாதாரணப் பயணியும் விமானத்தில் போய் இறங்குகிறார். வழி எப்படிப் பிறந்தது?

தபாலில் தொடங்கியது எனலாம். 1893-இல் ரிச்சர்டு வித் என்னும் கப்பல் தலைவர் நார்வேயின் கரையோரமாக ஹாமர்ஃபெஸ்ட் வரை வாராந்தர நீராவிக் கப்பல் விட்டார். பாறைகள் மலிந்த அந்தக் கடலில் இரவிலும் கப்பல் ஓட்டத் துணிந்தார். தபாலோடு பயணிகளும் போனார்கள்.

அதற்கும் வடக்கே உள்ளவை ஸ்வால்பார்டு தீவுகள். 1906-இல் லாங்இயர் என்ற அமெரிக்கர் அங்கே நிலக்கரி வெட்டத் தொடங்கினார். அவர் பெயரால் ஓர் ஊரே எழுந்தது. ஆனால் தீவுகள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை! 1920 பிப்ரவரி 9 அன்று பாரிசில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஆட்சி நார்வேக்கு; ஆனால் கையெழுத்திட்ட நாடுகளின் மக்கள் அனைவருக்கும் அங்கே செல்லவும் தொழில் செய்யவும் சம உரிமை. அந்நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. நம்மைக் கேளாமல் பிரிட்டன் போட்ட கையெழுத்துத்தான்! இருந்தாலும் நமக்கு உதவிற்று. இன்றும் அத்தீவுகளில் நுழைய விசா தேவையில்லை; வழியில் நார்வேயைக் கடப்பதற்குத்தான் வேண்டும். 1975-இல் அங்கே விமான நிலையமும் திறந்தது.

நீ-ஆலசுண்ட் என்ற ஊரின் கதை சோகமானது. 1962-இல் அங்குள்ள சுரங்கம் வெடித்து 21 பேர் மாண்டனர், சுரங்கம் மூடப்பட்டது. தொழிலாளர் விட்டுச்சென்ற ஊர் விஞ்ஞானிகளின் ஊராயிற்று. இந்தியாவின் முதல் குழு 2007-இல் அங்கே சென்றது. மறு ஆண்டு ஜூலையில் நமது 'ஹிமாத்ரி' ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. துருவம் அங்கிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர்தான்.

இவ்வளவு வடக்கே மனிதர் வசிக்க முடிவது எதனால்? அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் மேற்குக் கரையைத் தொட்டுச் செல்கிறது. அந்தத் தயவு இப்போது எல்லை மீறிவிட்டது. 1971-க்குப் பின் ஸ்வால்பார்டின் சராசரி வெப்பநிலை சுமார் 4 டிகிரி உயர்ந்துள்ளது. ஹிமாத்ரியின் எதிரே உள்ள கடற்கழி முன்பெல்லாம் குளிர்காலத்தில் உறையும். 2006 முதல் பெரும்பாலும் உறைவதில்லை. பனியைக் காண வழி திறந்த காலத்திலேயே பனி விலகிப் போகிறது!

அக்கழியின் நீருக்கடியில் 2014-இல் நம்மவர் கருவிகளை நிறுத்தி, நீரின் வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் அளக்கத் தொடங்கினர். குளிர்காலத்துக்கென்றே முதல் இந்தியக் குழு 2023 டிசம்பரில் புறப்பட்டது. அப்போது அங்கே நண்பகலிலும் இருள். கதிரவன் மீண்டும் தலைகாட்டுவது பிப்ரவரியில்தான்.