அமில மண்ணை அறியாத தலைமை ஆய்வுக்கூடம்

தில்லி பூசா வளாகத்து வயல்களின் கார அமில நிலை 8-ஐ ஒட்டியது. யமுனை வண்டல் ஆதலால் இதில் வியப்பில்லை. வியப்பு அந்நிறுவனத்தின் முன்வரலாற்றில் இருக்கிறது. 1905-இல் பீகாரின் பூசா என்னும் ஊரில் தொடங்கப்பட்ட வேளாண் ஆய்வு நிறுவனம், 1934 சனவரி 15 நிலநடுக்கத்தில் சிதைந்தபின், 1936-இல் தில்லிக்குப் பெயர்ந்தது. ஊர்ப்பெயரையும் உடன் கொண்டுவந்தது. (நன்கொடையாளர் பிப்ஸின் பெயரையும் அமெரிக்காவையும் இணைத்துப் 'பூசா' ஆயிற்று என்பது மாணவர் விடுதிக் கதை, ஊர் அவருக்கு முந்தையது.) பழைய பூசாவின் மண்ணும் சுண்ணாம்பு மிகுந்ததே. ஆக, நாட்டின் தலைமை வேளாண் ஆய்வுக்கூடம் தன் முற்றத்தில் அமில மண்ணைக் கண்டதே இல்லை.

அமிலம் பற்றிய பாடம் வேறிடங்களில் கற்கப்பட்டது. இங்கிலாந்தின் வோபர்ன் பண்ணையில் அம்மோனிய உப்புகளையே ஆண்டுதோறும் இட்ட பாத்திகளில் பார்லி நலிந்தது. சுண்ணாம்பு இட்டதும் மீண்டது. அச்சோதனைகளை நடத்திய ஜான் அகஸ்டஸ் வோல்கர்தான் இந்தியாவைச் சுற்றிப் பார்த்து 1893-இல் இந்திய வேளாண்மை குறித்த அறிக்கையை அளித்தவர். அதில் அவர் ஆராய்ந்த மண் சிக்கலோ நேர்மாறானது: வட இந்தியக் களர் நிலம்.

1956-இல் ராஞ்சியிலும், 1970 முதல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நீண்டகால உரச் சோதனைகளிலும் வோபர்னின் பாடம் மீண்டும் எழுதப்பட்டது. இமாசலத்துப் பாலம்பூரில் தழைச்சத்து மட்டும் இட்ட பாத்தியில் மக்காச்சோளமும் கோதுமையும் காலப்போக்கில் விளைச்சலே தராத நிலையை அடைந்தன. அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்கள் அமிலத்தை வெளியிடுகின்றன. அமிலம் மிகுந்தால் மண்ணின் அலுமினியம் கரைந்து வேர்நுனியைத் தாக்குகிறது. முழு உரத்துடன் சுண்ணாம்பும் பெற்ற பாத்தி பிழைத்தது. தில்லியில் தழைச்சத்து மட்டும் பெற்ற பாத்தி, முழு உரமிட்ட பாத்தியைவிடக் குறைவாகவே விளைந்தது; எனினும் பயிர் மடியவில்லை. அங்கே மண்ணிலுள்ள சுண்ணாம்பே அமிலத்தை விழுங்கிவிடுகிறது.

யூரியாவின் விலை தில்லியில் முடிவாகிறது, நாடெங்கும் ஒன்றே. அது விளைவிக்கும் அமிலத்தைத் தணிக்கும் சுண்ணாம்புக்கு அப்படியோர் ஏற்பாடு இல்லை. கேரளம் போன்ற மாநிலங்கள் மானியம் தருகின்றன. அத்தகைய உதவி எட்டாத அமில நிலத்து உழவர் அச்செலவைத் தாமே சுமக்கிறார், அல்லது சுண்ணாம்பு இடாமலே விட்டுவிடுகிறார். உரக் கொள்கையின் வரலாற்றை எழுத முனையும் மாணவர்கள் அமைச்சகக் கோப்புகளோடு நின்றுவிடாமல், பாலம்பூர், ராஞ்சிப் பாத்திகளின் விளைச்சல் கணக்குகளையும் சான்றாவணமாகக் கொண்டு படிக்க வேண்டும்.