கடற்கரையில் தேடும் இனிப்பு நம்ம மலையிலிருந்து போனது



பாடசாலை விடுமுறை தொடங்கினால் நம்ம பக்கத்து வேன்கள் எல்லாம் காலி, ஹிக்கடுவை, பெந்தோட்டை என்று கீழே இறங்கிவிடும். போய் வந்தவர்கள் சொல்லும் குறை ஒன்றுதான். "கடல் நல்லம், மீன் நல்லம். சாப்பிட்ட பிறகு வாய்க்கு ருசியாக ஓர் இனிப்பு கிடைக்கவில்லை சேர்." எங்கே போனாலும் கரமல் புடிங், பழக்கலவையோடு ஐஸ்கிறீம், இல்லாவிட்டால் வாழைப்பழ பான்கேக். வட்டிலப்பம் என்று பலகையில் எழுதியிருக்கும். கேட்டால் சீனியும் டின்பாலும் போட்ட ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதில் நம்ம சப்ரகமுவைக்கும் ஒரு பங்கு உண்டு.

முதலில் வட்டிலப்பம். தேங்காய்ப்பால், முட்டை, கருப்பட்டி, கொஞ்சம் ஏலக்காய். இதே சேர்மானத்தில் மலாய் மக்களிடம் 'சிறிகாயா' என்று ஒரு பண்டம் உண்டு. ஒல்லாந்தர் 1640இல் காலியையும் 1656இல் கொழும்பையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். பிறகு ஜாவா முதலிய தீவுகளிலிருந்து படைவீரர்களையும் நாடுகடத்தப்பட்டவர்களையும் இங்கே கொண்டுவந்தார்கள். அவர்களின் வழிவந்தவர்கள்தான் நம்ம மலாய்ச் சகோதரர்கள். இந்தப் பண்டமும் அவர்களோடு வந்தது என்பதே பரவலான கருத்து. ஆனால் பெயர் சுத்தத் தமிழ். வட்டில் என்றால் கிண்ணம், கிண்ணத்தில் அவித்த அப்பம். தமிழ்நாட்டுக் கரையில் காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம் வீடுகளிலும் பெருநாளைக்கு இதுவே வரும். நாம் கித்துளில் செய்கிறோம். நம்ம நாட்டு வட்டிலப்பத்துக்குத் தனி நிறமும் மணமும் கொடுப்பது கித்துள்தான்.

கித்துள் கடற்கரை மரமல்ல. அது ஈரமான மலைச்சரிவில், ஓடைக்கரையில் வளர்வது. கலவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1660இல் கண்டி அரசனிடம் சிறைப்பட்டு 1679இல் தப்பிய ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் நூலில் இந்த மரத்தைப் பற்றி விவரமாக எழுதியிருக்கிறார். அதன் பதநீர் இனிப்பானது, உடம்புக்கு நல்லது, அதைக் காய்ச்சிச் சர்க்கரை செய்கிறார்கள் என்று சொல்கிறார். முந்நூறு வருடத்துக்கு மேலாகியும் முறை பெரிதாக மாறவில்லை. பாளையை மருந்து கட்டிப் பக்குவப்படுத்தி, காலையும் மாலையும் மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். பதநீர் புளிக்காமலிருக்க முட்டியில் 'ஹல்' மரப்பட்டை போடுவார்கள். இறக்கியவுடன் அடுப்பில் வைக்க வேண்டும், தாமதித்தால் கள்ளாகிவிடும். காய்ச்சினால் பாணி, மேலும் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி.

சரி, மலையும் கடலும் எப்படிச் சந்தித்தன? இரண்டு வழி. ஒன்று களு கங்கை. இரத்தினபுரியிலிருந்து களுத்துறை வரை வள்ளங்கள் ஓடின. மேலே வந்தவை உப்பும் கருவாடும், கீழே போனவை மலைச்சரக்கு. மற்றது தாவளம், அதாவது பொதிமாட்டுக் கூட்டம். கண்டி இராச்சியத்தில் பொதிமாட்டுப் போக்குவரத்துக்கு 'மடிகே' என்று தனிப் பிரிவே இருந்தது. அதில் பெரும்பாலும் இருந்தவர்கள் சோனகர்கள். இன்று பேருவளைக்கு மாணிக்கம் போகிற உறவுக்கும் இதைப்போல் நீண்ட கதை உண்டு. சிங்களவர் சீவினார், சோனகர் சுமந்தார், மலாய்க்காரர் அவித்தார், தமிழ் அதற்குப் பெயர் வைத்தது. "இது யாருடைய பண்டம்?" என்று சண்டை பிடிக்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்.

பிறகு தோட்டங்கள் வந்தன. 1840இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டத்தால், உறுதி காட்ட முடியாத காடும் சேனையும் அரசுக்குச் சொந்தமாகி, கோப்பிக்காக விற்கப்பட்டன. 1869இல் தொடங்கிய இலைநோயில் கோப்பி அழிய, தேயிலையும் இறப்பரும் அந்த இடத்தைப் பிடித்தன. கித்துளை வரிசையாக நட்டு வளர்ப்பது வழக்கமாக இருக்கவில்லை. மரநாய் பழத்தைத் தின்று விதையைப் பரப்ப, தானாக முளைப்பது அது. காடு போனபோது அதுவும் குறைந்தது. தோட்டத்துக்கு அழைத்துவரப்பட்ட மக்களுக்கோ ஒரு மரம் வைத்துக்கொள்ளக்கூடச் சொந்தக் காணி இல்லை. கித்துள் காட்டை அழித்த இடத்தில் வாழ்ந்தவர்கள், தேத்தண்ணியோடு கடிக்கும் கருப்பட்டித் துண்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கினார்கள்.

கடற்கரையில் நடந்தது வேறு. 1966இல் சுற்றுலாச் சபை அமைந்தது. அதன் பிறகு பெந்தோட்டையில் பெரிய ஹோட்டல்கள் எழுந்தன, ஹிக்கடுவைக்கு இளம் பயணிகள் வந்தார்கள். வந்தவர்களின் நாக்குக்குப் பழகியதைக் கொடுப்பதுதான் வியாபாரம் என்று ஆனது. நம்ம பண்டங்கள் வீட்டுச் சமையலறைக்குள் நின்றுவிட்டன. அதனால் காலிக்குப் போனால் கடற்கரைப் பலகைகளைப் பார்த்து அலையாதீர்கள். நம்மவர்கள் சாப்பிடும் சிறிய சாப்பாட்டுக் கடையில் கேளுங்கள். அம்பாந்தோட்டை வரை போனால் தொதல், மஸ்கட், தயிரும் பாணியும் கிடைக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். கித்துள் சீவுகிறவர்கள் குறைந்துவருகிறார்கள். மரம் உயரம், விழுந்தால் உயிர் போகும். மரம் பூத்து முடிந்தால் பட்டுவிடும். இன்று முளைக்கும் கன்றில் பாளை வரப் பத்து வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். இடைவெளியைச் சீனி கலந்த 'கித்துள்' நிரப்புகிறது. நாமும் விலை குறைவு என்று அதையே வாங்குகிறோம். கலப்படக்காரன் வாழ்கிறான், மரமேறி தன் மகனிடம் "இந்தத் தொழில் வேண்டாம்" என்கிறார்.

எனவே இரண்டு வேண்டுகோள். இந்தப் பெருநாளைக்கோ, சித்திரைப் புத்தாண்டுக்கோ, பொங்கலுக்கோ கருப்பட்டி வாங்கும்போது, மரம் சீவும் ஒருவரைத் தேடிப்போய் அவர் கேட்கும் விலையைக் கொடுத்து வாங்குங்கள். மழைக்காலத்தில் வேலி ஓரத்தில், ஓடைப் பக்கத்தில் கித்துள் கன்று தெரிந்தால் வெட்டாமல் விடுங்கள்.

உங்கள் ஊரில் இப்போதும் சீவுகிறவர்கள் இருந்தால் எந்தக் கிராமம் என்று கீழே எழுதுங்கள். ஆட்களின் பெயரும் தொலைபேசி இலக்கமும் வேண்டாம், ஊர் போதும். வாங்க நினைக்கிறவர்கள் நேரில் போய்க் கேட்டுக்கொள்வார்கள்.