வினாத்தாளும் விளக்கவுரையும்: ஆங்கில இலக்கியப் பரீட்சைக்கு மாணவரை ஆயத்தப்படுத்திய வரலாறு

ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர் மூலநூலைத் தொடாமல் நோட்ஸை மட்டும் உருப்போட்டுவிட்டுப் பரீட்சை எழுதப் போகிறார்கள் என்ற முறையீடு, நம் நாட்டில் சர்வகலாசாலைகள் தோன்றிய காலந்தொட்டே கேட்டுவருவதாகும். முறையிடுபவர்கள் பழியை மாணவரின் சோம்பலின் மீதோ, நோட்ஸ் அச்சிட்டு விற்பவரின் பொருளாசையின் மீதோ ஏற்றிவிட்டு மனம் ஆறிவிடுவது வழக்கம். ஆனால், கல்விக் குழுக்களின் அறிக்கைகளையும், அந்தந்தக் காலத்தில் மாணவர் கையில் புழங்கிய பதிப்புகளையும், கேட்கப்பட்ட வினாக்களின் வகைகளையும் ஒருங்கே வைத்து நோக்குமிடத்து, மாணவரை ஆயத்தப்படுத்தும் முறைகளுக்கெல்லாம் வித்திட்டவர் பரீட்சகரே என்பதும், உருப்போடுதலை ஒழிப்பதற்கென்று வினாத்தாள் திருத்தப்பட்டபோதெல்லாம் புதியதோர் உருப்போடுதலே பிறந்தது என்பதும் புலனாகின்றன. இவ்வபிப்பிராயத்துக்கு ஆதாரமான செய்திகளைக் காலமுறைப்படி எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆசிரியர் கற்பித்து, பரீட்சகர் வினவி, மார்க்கு இடத்தக்க ஒரு பாடமாக ஆங்கில இலக்கியம் நிலைபெற்றது இங்கிலாந்தில்தான் இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. லண்டனில் 1828-ஆம் ஆண்டிலேயே தாமஸ் டேல் என்னும் பாதிரியார் ஆங்கிலப் பேராசிரியராக அமர்த்தப்பட்டார் என்பது மெய்யே. எனினும், ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை அதற்கெனத் தனிப் பட்டப் பரீட்சை வகுக்க 1894-ஆம் ஆண்டு வரையும், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை 1917-ஆம் ஆண்டு வரையும் காத்திருந்தன. கிரேக்கமும் லத்தீனும் பயின்ற கனவான்கள், தாய்மொழிக் கவிதையை ஓய்வு வேளையில் தாமாகப் படித்துக்கொள்ள வேண்டிய ஒன்றாகவே கருதினர். கல்கத்தாவிலோ, 1817-இல் தோன்றிய ஹிந்து கலாசாலையில், 1830-களில் டேவிட் லெஸ்டர் ரிச்சர்ட்ஸன் என்பார் ஷேக்ஸ்பியர் நாடகங்களை வகுப்பில் வாசித்துப் பாடஞ்சொல்லிவந்தார். இந்தியாவைப் பற்றிய மற்றவற்றையெல்லாம் மறந்தாலும் உமது ஷேக்ஸ்பியர் வாசிப்பை மறவேன் என்று மெக்காலே அவரிடம் கூறியதாக ஒரு செய்தி வழங்குகிறது. கல்விக் குழுவின் வேண்டுகோளுக்கிணங்க அவர் தொகுத்த ஆங்கிலக் கவிதைத் திரட்டு 1840-இல் வெளிவந்தது. மத விஷயத்தில் நடுநிலை பூண்ட கம்பெனி அரசாங்கம், பைபிளைக் கற்பிக்க இயலாத இடத்தில் மில்டனையும் ஷேக்ஸ்பியரையும் நீதி போதனைக்குக் கருவியாகக் கொண்டது என்று கௌரி விசுவநாதன் 1989-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில் விரிவாக நிறுவியுள்ளார். இலக்கியத்துக்கு இவ்வாறு ஏற்றப்பட்ட நீதிச் சுமையைப் பின்னர் வந்த வினாத்தாள்கள் நெடுங்காலம் இறக்கி வைக்கவேயில்லை.

1844-ஆம் ஆண்டு அக்டோபரில் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் பிரபு, ஆங்கிலக் கல்வி பெற்றவருக்கே அரசாங்க உத்தியோகங்களில் முதலிடம் அளிக்கப்படும் என்று தீர்மானம் செய்தார். அன்று முதல் மில்டனைப் பற்றி எழுதிய விடை, ஒரு குடும்பத்தின் சோற்றைத் தீர்மானிக்கும் விடையாயிற்று. அக்காலத்தில் வங்காள மாகாணத்தின் கல்வி அறிக்கைகள் ஆண்டுதோறும் வெளிவந்தபோது, உபகாரச் சம்பளப் பரீட்சையின் வினாக்களோடு, சிறந்த மாணவர் எழுதிய விடைகளும் கட்டுரைகளும் அனுபந்தமாக அச்சிடப்பட்டன. புதிய கல்வி எத்துணைச் சிறந்த பயன் விளைத்தது என்று லண்டனிலுள்ள கம்பெனி டைரக்டர்களுக்குக் காட்டுவதே அதன் கருத்தாக இருந்திருக்கக் கூடும். ஆனால் ஒரு விடை, இதுவே சிறந்தது என்னும் அரசாங்க முத்திரையோடு அச்சேறிய பின்னர், அடுத்த ஆண்டு எழுதப்போகிற மாணவன் அதை வெறும் புள்ளிவிவரமாகக் கருதிப் புரட்டிவிட்டுப் போவானா? ஆகவே மாதிரி விடை என்ற வழக்கத்தின் கர்த்தாவை வீதியோரப் புத்தகக் கடையில் தேடுவது வீண்வேலை. அது சர்க்கார் அச்சுக்கூடத்தில் பிறந்த குழந்தை.

இலக்கிய விடையைக் கொண்டு உத்தியோகத்துக்கு ஆள் தெரியும் இந்த முறை அடுத்து இங்கிலாந்துக்கே திரும்பிச் சென்றது. இந்திய சிவில் உத்தியோகத்துக்குப் போட்டிப் பரீட்சை நடத்துவது பற்றி மெக்காலே தலைமையில் கூடிய குழு 1854-இல் அளித்த அறிக்கை, மொத்தம் 6,875 மார்க்குகளில் ஆங்கிலக் கட்டுரை, வரலாறு, பொது இலக்கியம் ஆகியவற்றுக்குத் தலைக்கு 500 வீதம் 1,500 மார்க்குகளை ஒதுக்கியது. கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் தனித்தனியே 750 தான். ஸம்ஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் தலைக்கு 375 என்பதையும் வாசகர் கவனிக்க வேண்டும். ஆழமற்ற மேலெழுந்த அறிவினால் எவரும் பயன்பெற முடியாதவாறு பரீட்சை அமையும் என்று குழுவினர் உறுதி கூறினர். 1855-இல் முதற் பரீட்சை நடந்தது. பின்னர் சில ஆண்டுகளிலேயே, மாணவரைச் சில மாதங்கள் அடைத்துவைத்து விஷயங்களைத் திணித்தனுப்பும் தனிப் பயிற்சிச் சாலைகள் லண்டனில் செழித்தன. வால்டர் ரென் என்பவர் நடத்திய சாலை அவற்றுள் பெயர்பெற்றது. ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியத்துக்கு உரிய இடம் தரவேண்டும் என்று பல்லாண்டு வாதாடிய ஜான் சர்ட்டன் காலின்ஸே, சிவில் பரீட்சைக்கு மாணவரைத் தயார் செய்து ஜீவனம் நடத்தியவர் என்பது, இவ்வரலாற்றில் தக்க இடத்தில் வாய்த்த ஒரு வேடிக்கை.

1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னைச் சர்வகலாசாலைகள் லண்டன் சர்வகலாசாலையை மாதிரியாகக் கொண்டு நிறுவப்பட்டன. அதாவது அவை பாடஞ்சொல்லும் ஸ்தாபனங்களாகத் தொடங்காமல், பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கும் ஸ்தாபனங்களாகவே தொடங்கின. கல்கத்தாவில் 1858-இல் நடந்த முதல் பி.ஏ. பரீட்சையில் தேறியவர் பங்கிம் சந்திர சட்டர்ஜியும் யதுநாத் போஸும் ஆகிய இருவரே. அவர்களுக்கும் ஒரு பாடத்தில் சில மார்க்குகள் கருணையாக இடப்பட்டன. சென்னையின் தொடக்கப் பட்டதாரிகள் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சி. வை. தாமோதரம் பிள்ளையும் அவருடைய ஆசிரியர் கறோல் விசுவநாத பிள்ளையும் ஆவர். பட்டப் படிப்பில் ஆங்கிலம் வாயிற்காவலாக நின்ற கொடுமைக்குத் தமிழ்நாட்டில் எல்லாரும் அறிந்த சான்று ஸ்ரீநிவாச ராமாநுஜன்; 1904-இல் கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்த அந்தக் கணித மேதை, ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறியதால் அச்சம்பளத்தை இழந்து கலாசாலையையும் விட்டு நீங்கினார்.

இனி, மாணவர் கையிலிருந்த நூல்களைச் சற்று அணுகிப் பார்ப்போம். 1868 முதல் கிளாரெண்டன் அச்சகத்தார், கிளார்க், ஆல்டிஸ் ரைட் ஆகிய அறிஞரைக் கொண்டு ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தனித்தனிச் சிறு நூல்களாகக் குறிப்புரையுடன் பதிப்பித்தனர். அக்குறிப்புகள் கவிச்சுவையைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் சொல்வதில்லை. அருஞ்சொல்லின் பொருள், அதன் பிறப்பு, அக்கால இலக்கண வழக்கு, ஒப்புமைப் பகுதி ஆகியவற்றையே கூறிச் செல்கின்றன. பின்னர் மாக்மில்லன் கம்பெனியார் இந்திய மாணவரையே கருதி ஒரு வரிசையைத் தொடங்கி, ஆக்ரா கலாசாலையில் முதல்வராக இருந்த கே. டெயிட்டனிடம் ஷேக்ஸ்பியரையும், தக்காணக் கலாசாலைப் பேராசிரியர் எப். ஜி. ஸெல்பியிடம் பேக்கனின் கட்டுரைகளையும், கல்கத்தா ராஜதானிக் கலாசாலை ஆசிரியர்களான ரோ, வெப் இருவரிடமும் டென்னிஸனையும் ஒப்படைத்தனர். டெயிட்டனின் பதிப்பொன்றைப் பிரித்தால் முன்னுரைக்கும் மூலத்துக்கும் பின்னே, வரியெண் இட்டு அடுக்கிய குறிப்புகள் மூலத்தினும் பெருகிக் கிடப்பதைக் காணலாம்; கடினமென்று தோன்றும் தொடர் ஒவ்வொன்றும் எளிய உரைநடையில் பெயர்த்து எழுதப்பட்டிருக்கும்; இறுதியில் குறிப்புகளுக்கே ஓர் அகராதி வரிசையும் உண்டு. இவ்வமைப்புக்குக் காரணம் வினாத்தாள்தான். அதில் மூன்று நான்கு வரிகளை எடுத்துத் தந்து, சந்தர்ப்பம் கூறி விளக்குக என்று கேட்பார்கள். மாணவன், இன்ன நாடகத்தில் இன்ன அங்கத்தில் இன்ன காட்சியில், இன்ன சமயத்தில் இன்னார் இன்னாரை நோக்கிக் கூறியது என்று தொடங்கி, பொருளை உரைநடையாக்கி, நயமொன்று சேர்த்து முடிக்க வேண்டும். டெயிட்டனின் குறிப்பு அவ்விடையின் முக்கால் பங்கைத் தயாராகவே தந்துவிடுகிறது.

இம்முறை தமிழ் மாணவருக்கு அந்நியமாகத் தோன்றியிராது என்று கருத இடமுண்டு. உரைக்கு உறுப்புகள் பதினான்கு என்று வகுத்த நன்னூலின் நாட்டிலே, மூலத்தையும் உரையையும் ஒருங்கே நெட்டுருப் பண்ணிப் பாடம் ஒப்பித்த பிள்ளைகளின் கையில்தான் டெயிட்டன் வந்து சேர்ந்தார். எனினும் ஒரு பேதம் உண்டு; நச்சினார்க்கினியர் போன்ற உரையாசிரியர் பிறர் கொண்ட பொருளை எடுத்துக்காட்டி, மறுத்து, தம் துணிவை நாட்டுவர்; பரீட்சைக் குறிப்போ ஒரே பொருளைத் தந்து வாதத்தை அடைத்துவிடும். ஆங்கிலப் பரீட்சையில் முதற்பட்டம் பெற்ற தாமோதரம் பிள்ளையே, பிற்காலத்தில் நச்சினார்க்கினியர் உரையோடு கலித்தொகையை 1887-இல் பதிப்பித்தார் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். சந்தர்ப்ப வினாவும் இங்கே நிலைத்துவிட்டது. தமிழ்ப் பாட வினாத்தாளில், இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக என்னும் வடிவில் அது நெடுங்காலம் வழங்கிவந்தது.

சொல்லாராய்ச்சிக்கு அடுத்தபடியாகப் பாத்திர ஆராய்ச்சி தலையெடுத்தது. சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் நெடுங்காலம் முதல்வராக இருந்த வில்லியம் மில்லர், ஷேக்ஸ்பியர் நாடகங்களிலிருந்து இந்தியர் கொள்ளத்தக்க நீதிகளை எடுத்துரைத்து உபந்நியாசங்கள் செய்து, லியர் அரசனின் கதையை இந்திய அரசியலோடு பொருத்தியும் நூல் எழுதினார். 1904-இல் வெளிவந்த ஏ. சி. பிராட்லியின் துன்பியல் நாடக ஆராய்ச்சியோ, ஹாம்லெட், ஒதெல்லோ, லியர், மாக்பெத் ஆகிய நான்கையும் தக்க பகுப்புகளோடு விளக்கியதால், பரீட்சகருக்கும் மாணவருக்கும் ஒருங்கே வேதமாயிற்று. தந்தை இறந்தபோது ஹாம்லெட் எங்கே இருந்தான் என்பது அந்நூலின் அனுபந்தக் குறிப்புகளுள் ஒன்றன் தலைப்பு. அவன் பழிவாங்கத் தாமதித்தது ஏன் என்ற கட்டுரை வினாவுக்கு, பிறர் கொண்ட காரணங்களை வரிசையாக மறுத்து, பிராட்லியின் காரணத்தை இறுதியில் நிறுத்தினால் விடை பூர்த்தியாகிவிடும். நாடகத்தைப் படித்திருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம்கூட இல்லை. ஷேக்ஸ்பியரின் ஆவியே சிவில் பரீட்சைக்கு அமர்ந்து, பிராட்லியைப் படிக்காத குற்றத்தால் லியர் நாடகத் தாளில் தோற்றுப்போனதாக 1926-இல் கை போவாஸ் என்பார் ஒரு நையாண்டிப் பாட்டு எழுதினார். அதைக் காட்டிலும் கூர்மையான கண்டனத்தை எந்தக் கல்விக் குழுவும் செய்ததில்லை என்பது என் அபிப்பிராயம்.

குழுக்கள் கண்டித்ததும் உண்டு. கர்ஸன் பிரபு 1902-இல் நியமித்த சர்வகலாசாலைக் குழு, பரீட்சைக்குக் கற்பித்தல் அடிமைப்பட்டுப்போனதே இந்நாட்டுக் கல்வியின் பெருங்கேடு என்று துணிந்து கூறியதோடு, மாணவர் நூலை விட்டு உரைக்குறிப்பை உருப்போடுவதைத் தடுக்கும் பொருட்டுப் பிரவேசப் பரீட்சையில் ஆங்கிலத்துக்குப் பாடநூலே விதிக்க வேண்டாம் என்றும் யோசனை கூறியது. பாடநூல் இல்லாவிட்டால் உருப்போட ஒன்றும் இராது என்பது அவர்களுடைய எண்ணம். மழைக்காலத்தைப் பற்றியும், சத்தியத்தின் மேன்மையைப் பற்றியும் ஆயத்தமாக எழுதிவைத்த கட்டுரைக் கோவைகள் அந்தக் குறையைத் தீர்த்துவைத்தன.

இங்கிலாந்திலும் இதே சிக்கல் வேறு வேஷத்தில் தோன்றிற்று. ஆக்ஸ்போர்டின் வரலாற்றுப் பேராசிரியர் எட்வர்ட் ப்ரீமன், 1887-இல் ஆங்கில இலக்கியப் பிரிவு ஏற்படுத்தும் யோசனையை எதிர்த்தபோது, ரசனையைப் பரீட்சை செய்ய முடியாது, ஷெல்லியைப் பற்றிய வம்பளப்பே மிஞ்சும் என்றார். அவர் வாதத்தை வென்றவர்கள் அவர் அச்சத்தை வெல்லவில்லை. 1894-இல் அமைந்த பாடத்திட்டத்தில் பழைய ஆங்கிலமும் மொழிநூலும் பெரும்பங்கு பெற்றதற்கு, அவற்றில்தான் சரி, தவறு என்று திட்டமாக மார்க்கு இட முடியும் என்ற எண்ணமும் ஒரு காரணம். கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் வேறு வழி கண்டார். ஆசிரியர் பெயரும் காலமும் மறைத்த கவிதைகளை மாணவரிடம் கொடுத்து, அவர்கள் எழுதித்தந்த கருத்துகளைத் திரட்டி, அவற்றுள் பதின்மூன்று கவிதைகள் பற்றியவற்றை ஆராய்ந்து 1929-இல் நூலாக வெளியிட்டார். நன்கு பயின்ற மாணவரும் கவிதையின் நேர்ப்பொருளையே தவறவிட்டதையும், பழகிப்போன உணர்ச்சிகளைப் பாட்டின்மீது ஏற்றியதையும் அது அம்பலமாக்கிற்று. முன்பின் பாராத பகுதியைத் தந்து விமரிசிக்கச் சொல்லும் வினா இதன் பயனாகப் பரவியது. இதை எந்த நோட்ஸும் வெல்ல முடியாதென்று ஆசிரியர் மகிழ்ந்தனர். ஆனால் உவமை, படிமம், ஓசை, முரண், தொனி என்று வரிசையாகத் தேடி எழுதும் சட்டகம் விரைவிலேயே வகுக்கப்பட்டு, முன்பின் பாராத பாட்டுக்கும் முன்கூட்டியே விடை ஆயத்தமாயிற்று. ரிச்சர்ட்ஸின் சோதனை ஒரு பரீட்சையாக மாறாதிருந்தால் அது இன்னும் உயிரோடு இருந்திருக்கும்.

பிற்காலச் செய்திகளை விரைந்து கூறலாம். அமெரிக்காவில் 1958-இல் க்ளிப்டன் ஹில்லகாஸ் ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்கு வெளியிடத் தொடங்கிய க்ளிப்ஸ் நோட்ஸ் உலகெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் ஐயன்பெருமாள் கோனாரின் உரை, தமிழ்ப் பாடத்துக்கே அத்தகைய ஸ்தானத்தை அடைந்தது. இங்கிலாந்தில் 2017 முதல் நடைபெறும் புதிய பள்ளியிறுதி ஆங்கில இலக்கியப் பரீட்சையில், புத்தகத்தைக் கையில் வைத்து எழுதுவது நீக்கப்பட்டது; அதனால் அந்நாட்டு மாணவர், கருத்து, சான்று, விளக்கம் என்னும் மூன்றடுக்குப் பத்தியை எழுதப் பழகுவதோடு, மேற்கோள்களை மனப்பாடம் செய்யவும் வேண்டியவராயினர்.

நம் நாட்டிலோ மாற்றம் வேறு திசையில் சென்றது. கலாசாலைகளில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் தகுதியை நிர்ணயிக்கும் நெட் பரீட்சையின் மூன்றாம் தாள், மற்ற இரண்டு தாள்களைப்போல் அல்லாமல், கட்டுரை வடிவில் விடை எழுதுவதாகவே இருந்துவந்தது. 2012-ஆம் ஆண்டு ஜூன் முதல் அதுவும் கொள்குறி வினாத்தாளாயிற்று. மாணவருக்குக் கட்டுரை எழுதக் கற்பிக்க வேண்டிய ஆசிரியர், அத்தகுதியைப் பெறுவதற்கு இப்போது ஒரு கட்டுரையும் எழுத வேண்டியதில்லை.